பழைய விளையாட்டு இசையைப் பதிவு செய்ய எதை வாங்குவது?

கேள்வி: விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்துக் கணினி விளையாட்டுகளின் இசையை அசல் கருவியிலிருந்தே பதிவு செய்து வைக்க விரும்புகிறேன். பெங்களூரில் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த ரோலண்ட் எம்டி-32 என்ற, கணினியோடு இணைக்கும் இசைக்கருவி ஒன்றை விற்கிறார். அதே விலைக்கு அதே நிறுவனத்தின் எஸ்சி-55 ஒன்றும் இருக்கிறது என்கிறார். என் மடிக்கணினியில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். எதை வாங்கலாம்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: உங்களுக்குப் பிடித்த விளையாட்டுகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்பதைப் பொறுத்தது அது. எம்டி-32 வெளிவந்தது 1987-இல். 'கிங்ஸ் குவெஸ்ட் 4' (1988) முதலான சியரா நிறுவன விளையாட்டுகள், தமக்கென உருவாக்கிய ஒலிகளைத் தொடக்கத்திலேயே அக்கருவிக்குள் ஏற்றிவிட்டுத்தான் இசைக்கத் தொடங்கும். 1991-இல் வந்த எஸ்சி-55, 'டூம்' போன்ற பிற்கால விளையாட்டுகளுக்கு ஏற்றது. அதில் எம்டி-32-ஐப் போல ஒலிக்கும் அமைப்பு ஒன்று உண்டு என்றாலும், விளையாட்டு ஏற்றும் தனி ஒலிகளை அது ஏற்காது என்பதால், விற்பவர் "இரண்டும் ஒன்றுதான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் கருவியை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். எம்டி-32-இன் முகப்பில் ஒற்றை வரித் திரை ஒன்று இருக்கும். சியரா விளையாட்டு தொடங்கியதும் அதில் விளையாட்டு அனுப்பும் வாசகம் தோன்றினால், தனி ஒலிகளுக்கான தகவலும் போய்ச் சேருகிறது என்று ஓரளவு நம்பலாம். மாறாக 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்ற பிழைச்செய்தி வந்தால் கருவி பழுது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்: ஹெட்போன் துளை இல்லாத முற்காலத்து எம்டி-32, வேகமான கணினி அனுப்பும் தகவலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அப்படிச் சொல்வதுண்டு. கணினியிலிருந்து இசைத் தகவலைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் யுஎஸ்பி-மிடி கேபிள்களில் மலிவானவை பல, தனி ஒலிகளுக்கான நீண்ட தகவல்களைப் பாதியில் தவறவிடுகின்றன. மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான்.

மின்சாரத்தில் கவனம் தேவை. ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துவிடும். இரு கருவிகளுக்கும் 9 வோல்ட் நேர்மின்னோட்டம் போதும், ஆனால் பிளக்கின் நடுமுனை எதிர்மின்னாக இருக்க வேண்டும். இங்கே கடைகளில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை நேர்மின்னாக இருப்பவை. துளையில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள், அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வட்டக் குறியைப் பாருங்கள்.

உங்கள் மடிக்கணினியின் துளை மைக்குக்கானது. அதன் வழியே பதிவு செய்தால் இடது, வலது ஒலிகள் ஒன்றாகிவிடும், உரத்த இடங்கள் கரகரக்கும். இசைக்கருவியின் ஒலியை நேரடியாக வாங்கும் இரண்டு லைன் உள்ளீடுகள் கொண்ட யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசேர்க்கும் பெட்டி) ஒன்று, சில ஆயிரம் ரூபாய் ஆனாலும், அவசியம். அதிக சாம்பிள் வீதம் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) கொண்ட விலையுயர்ந்த மாடல் வேண்டியதில்லை: இவ்விரு கருவிகளும் உள்ளே 32 கிலோஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன, எனவே 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளம். கருவியின் ஒலியளவைக் கூட்டிவைத்து, இன்டர்ஃபேஸில் குறைத்துக்கொண்டால் இரைச்சல் அடங்கும். அதன் பிறகும் 'ம்' என்ற ரீங்காரம் கேட்டால், சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள்.

கேள்வி: இணையக் கடையில் "நன்றாக இயங்குகிறது" என்ற விளம்பரத்தைப் பார்த்து எஸ்சி-55 வாங்கினேன். ஒரு பக்கம் மட்டுமே ஒலிக்கிறது. பழைய பொருளைத் திரும்பப் பெற முடியாது என்கிறார்கள்.
– வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் பின்புறத்தில் இடது, வலது கேபிள்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். மௌனமான பக்கம் இடம் மாறினால் கோளாறு கருவியில். மாறாவிட்டால் கேபிளிலோ அதற்கு அப்பாலோ. கருவிதான் என்றால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. விளம்பரம், ரசீது, நீங்கள் எடுத்த காணொளி ஆகியவற்றுடன் எழுத்து மூலம் முறையிட்டுவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் தருமபுரி மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. தன் வீட்டுப் பொருளை விற்ற தனிநபரிடம் வாங்கியிருந்தால் மட்டும் இந்த வழி இவ்வளவு எளிதாக இராது.