மாப்பிள்ளையின் பட்டியலும் டோக்கியோ இசைத்தட்டுக் கடைகளும்

கேள்வி: என் மகளின் கணவர் ஆங்கிலேயர். இருவரும் மான்செஸ்டரில் இருக்கிறார்கள். ஜப்பானியப் பாட்டு என்றால் மாப்பிள்ளைக்கு உயிர். பள்ளிக்கூட நாளில் அனிமே கார்ட்டூன் பார்க்க ஆரம்பித்தவர், இப்போது 1980களின் 'சிட்டி பாப்' என்கிற நகரத்து மெல்லிசை வரை வந்திருக்கிறார். அடுத்த மாதம் டோக்கியோவில், நிஷி-கசாயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து நேரே மகள் வீட்டுக்கு. மாப்பிள்ளை ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்: நாலு எல்பி, ஆறு சிடி, ஒரு கச்சேரி புளூரே. இசைத்தட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஓபி அவசியம்" என்று குறித்திருக்கிறார். ஓபி என்றால் என்ன? புதிதாக வாங்குவதா, பழசா? எல்லாம் யூடியூபில் கிடைக்கும்போது இத்தனை செலவு வேண்டுமா என்றும் மனசு கேட்கிறது.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மரியா டகேயூச்சி 1984இல் பாடிய 'பிளாஸ்டிக் லவ்' பாட்டை 2017இல் யாரோ ஒரு ரசிகர் யூடியூபில் ஏற்றினார். ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாத அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர்கள் கோடிக்கணக்கான முறை கேட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை போன்ற பலர் சிட்டி பாப்புக்குள் வந்தது அந்த வாசல் வழியாகத்தான். அந்த வீடியோவில் இருந்த புகைப்படத்தை எடுத்தவர் காப்புரிமைப் புகார் கொடுத்ததும் அது காணாமல் போயிற்று. 2019இல்தான் திரும்பி வந்தது. யூடியூபில் இருக்கிறது என்பது அவ்வளவுதான் நிலை. கையில் தட்டு இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. தனக்குத் தெரியாத மொழியின் பாட்டை இத்தனை வருஷம் விடாமல் தேடுகிற மனிதருக்கு நீங்கள் வாங்கிக் கொடுப்பது வீண் செலவு இல்லை அம்மா. அவர் கேட்டதையே சரியாக வாங்கிக் கொடுங்கள்.

ஓபி என்பது கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர். இசைத்தட்டில் அது அட்டையின் ஓரத்தைச் சுற்றி வரும் காகிதப் பட்டை. பெயர், விலை, தட்டு நிறுவனம் தரும் பட்டியல் எண் எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். உள்ளூரில் வாங்குபவர் பலர் பிரித்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் பழைய தட்டில் அது கிழியாமல் இருந்தால் மதிப்பு கூடுகிறது. ஓபி இல்லாத அதே தட்டு கணிசமாக விலை குறைந்து கிடக்கும். விலையைப் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள், மாப்பிள்ளைக்கு அது பாதித் தட்டு. பழைய தட்டுக் கடைகளில் ஒவ்வொரு உறையின் மேலும் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதில் 'ஓபி-ட்சுகி' என்றிருந்தால் பட்டை உண்டு, 'ஓபி-நாஷி' என்றால் இல்லை, 'கிஸு' என்றால் கீறல். மகனைப் படிக்கச் சொல்லுங்கள். டோக்கியோவின் நல்ல கடைகளில் இந்தச் சீட்டை நம்பி வாங்கலாம். அட்டை மூலையில் இருக்கும் சின்ன மடிப்பைக்கூட எழுதிவைப்பார்கள். அந்த நேர்மைக்காகவே வெளிநாட்டு ரசிகர்கள் ஜப்பானில் பழசு வாங்கத் தயங்குவதில்லை. 'ஜங்க்' என்று எழுதிய பெட்டி மட்டும் வேறு கதை: அதில் வாங்கியதைத் திருப்பித் தர முடியாது.

புதுசா பழசா என்று கேட்டீர்கள். சிடியைப் பொறுத்தவரை ஜப்பானில் ஒரு விசேஷம் உண்டு. புத்தகம், செய்தித்தாள் போலவே இசை சிடிக்கும் தயாரிப்பாளர் சொல்லும் விலையில்தான் விற்க வேண்டும் என்று கடையைக் கட்டுப்படுத்த அங்கே சட்டம் இடம் தருகிறது. 1953 முதல் இருக்கும் ஏற்பாடு இது. புதிய ஆல்பம் 3,000 யென்னை ஒட்டி இருக்கும், ஷிபுயாவில் கேட்டாலும் ஊர்ப்புறக் கடையில் கேட்டாலும் அதே விலைதான். தள்ளுபடி தேடி அலையாதீர்கள். கடைக்குக் கடை வேறுபடுவது விலையில்லை, கூடவே தரும் இனாம்: சுவரொட்டி, பிளாஸ்டிக் கோப்புறை போன்றவை. இதை 'டொகுடென்' என்பார்கள். மாப்பிள்ளைக்கு எந்தக் கடையின் டொகுடென் வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள், ரசிகர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 'முதல் பதிப்பு மட்டும்' என்று வரும் பெட்டிக்கும் சாதாரணப் பதிப்புக்கும் பட்டியல் எண் வேறாக இருக்கும். அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு போனால் கடைக்காரருக்கும் உங்களுக்கும் மொழிச் சிக்கலே வராது.

எல்பியில்தான் நிதானம் வேண்டும். சிட்டி பாப் தட்டுகள் பல இப்போது மறுபதிப்பாக வருகின்றன. தட்சுரோ யமஷிதாவின் பழைய ஆல்பங்கள் 2023இல் வரிசையாக மீண்டும் வந்தன. மாப்பிள்ளை கேட்பது 1980களின் மூலப் பதிப்பா, கேட்பதற்கு ஒன்று கிடைத்தால் போதுமா? இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது. மூலப் பதிப்பு என்று சொல்லி யாராவது நீட்டினால் ஓபியில் இருக்கும் விலையைப் பாருங்கள். ஜப்பானில் நுகர்வு வரி வந்தது 1989 ஏப்ரலில், 3 சதவீதமாக. விலையோடு வரியைப் பற்றி ஒரு எழுத்து இருந்தாலும் அந்தப் பட்டை 1989க்கு முந்தையது இல்லை. மகன் ஒரு நொடியில் படித்துச் சொல்லிவிடுவார். நூலகச் சீட்டு போல ஏதாவது ஒட்டியிருக்கும் சிடி வாடகைக் கடையிலிருந்து கழித்தது. பாட்டு கேட்க நல்லது, பரிசுக்கு வேண்டாம்.

எங்கே போவது? பழசுக்கு டிஸ்க் யூனியன். ஷிஞ்ஜுகுவிலும் ஒச்சனோமிசுவிலும் இசை வகைக்கு ஒரு கடை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மலிவான சிடிக்கு புக் ஆஃப். புதுசுக்கு ஷிபுயாவின் டவர் ரெக்கார்ட்ஸ். அமெரிக்காவில் பிறந்த அந்த நிறுவனம் தன் சொந்த நாட்டில் 2006இல் கடைகளை மூடிவிட்டது, ஜப்பானில் தனி நிறுவனமாக மாடி மாடியாக இயங்குகிறது. மேற்கத்திய ரசிகர்கள் கோயிலுக்குப் போவது போல அங்கே போகிறார்கள். நேரம் இருந்தால் நீங்களும் ஒரு படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்புங்கள்.

புளூரேயை மட்டும் கேட்காமல் வாங்கவே கூடாது. புளூரே தட்டுகளை நாடுவாரியாக மண்டலம் பிரித்துப் பூட்டுவது உண்டு: ஜப்பான் 'ஏ' மண்டலம், பிரிட்டன் 'பி'. ஏ என்று பூட்டிய தட்டு மான்செஸ்டரில் விற்ற சாதாரணக் கருவியில் ஓடாது. கச்சேரித் தட்டுகள் சில எல்லா மண்டலத்திலும் ஓடும், உறையின் பின்பக்கம் குறி இருக்கும். மாப்பிள்ளையிடம் எல்லா மண்டலத் தட்டும் ஓடும் கருவி உண்டா என்று கேளுங்கள். டிவிடி என்றால் இரு நாடும் 2ஆம் மண்டலம்தான், பெரும்பாலும் ஓடிவிடும். சிடிக்கு மண்டலமே கிடையாது.

பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். சுற்றுலாப் பயணி ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 10 சதவீத வரி விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அங்கேயே வசிக்கும் மகனுக்கு இது கிடைக்காது. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு கொடுத்துவிட்டு, புறப்படும்போது சுங்கத்தில் பொருளைக் காட்டிய பிறகு வரியைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு முறையிலும் பொருளை நீங்களே கையோடு கொண்டு போக வேண்டும்.

விமானத்தில் பிரிட்டன் போகிறவர் 390 பவுண்டு மதிப்பு வரை இப்படிப்பட்ட பொருளை வரியின்றிக் கொண்டு போகலாம். தபாலில் அனுப்பினால் பரிசுக்குக்கூட 39 பவுண்டு வரைதான் விலக்கு, அதற்கு மேல் 20 சதவீத வாட். ஆகவே பெட்டியில் இடம் செய்யுங்கள். எல்பியைக் கைப்பையில் நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைத்து மேலே எதையும் அடுக்காதீர்கள். பிரித்த பழைய எல்பியாக இருந்தால் தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து அட்டைக்குப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் குலுக்கலில் தட்டே அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

கேள்வி: அதே மாப்பிள்ளை அடுத்த வருஷம் டோக்கியோவில் ஒரு கச்சேரிக்குப் போக நினைக்கிறார். டிக்கெட் குலுக்கலில் கிடைக்கவில்லை. மறுவிற்பனைத் தளத்தில் மூன்று மடங்கு விலைக்கு இருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2019 ஜூன் 14 முதல் ஜப்பானில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. பெயர் குறித்த டிக்கெட்டைத் தொழிலாகக் கூடுதல் விலைக்கு விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். வாங்கியவருக்குச் சிறை இல்லை. ஆனால் வாசலில் அடையாள அட்டை கேட்டுப் பெயர் பொருந்தாவிட்டால் வெளியே நிறுத்திவிடுவார்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவருக்கு அதைவிட வலி என்ன இருக்கிறது? பல கச்சேரிகளுக்கு, வர முடியாதவர் அடக்க விலைக்கே திருப்பித் தரும் அதிகாரப்பூர்வ மறுவிற்பனை உண்டு. நாள் நெருங்கும்போது அது திறக்கும். விண்ணப்பிக்க ஜப்பானியக் கைபேசி எண் கேட்பார்கள், அங்கேதான் வெளிநாட்டு ரசிகர்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். உங்கள் மகனும் அவரும் சேர்ந்து போவதாக இருந்தால், மகன் தன் எண்ணில் இருவருக்குமாக விண்ணப்பிக்க முடியுமா என்று அந்தக் கச்சேரியின் விதியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூட வருபவரின் பெயரையும் முதலிலேயே கேட்கும் கச்சேரிகள் உண்டு, அதைத் தவறாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத வேண்டும்.