சொந்தத்தில் திருமணம் செய்ததால் வந்ததா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. இதயத்தில் நுரையீரல் வால்வு சுருக்கம் இருக்கிறது, உயரமும் குறைவு. ஜீன் பரிசோதனையில் 'பிடிபிஎன்11 மாற்றம், நூனன் சிண்ட்ரோம்' என்று வந்திருக்கிறது. என் கணவர் என் அத்தை மகன். அதனால்தான் இப்படி ஆனது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: உறவினர்கள் சொல்வது தவறு, சகோதரி. சொந்தத்தில் கட்டும்போது கூடுவது, அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களின் வாய்ப்பு. உங்கள் மகனுக்கு இருக்கும் நூனன் சிண்ட்ரோம், இதயம், உயரம் போன்றவற்றைப் பாதிக்கும் பிறவி ஜீன் கோளாறு. அதற்குக் காரணமான பிடிபிஎன்11 ஜீன் மாற்றம் அந்த வகை இல்லை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று மாறினாலே போதும். நீங்கள் முன்பின் தெரியாத ஒருவரை மணந்திருந்தாலும் இது வந்திருக்கலாம். இதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே சொல்லுங்கள்.

இந்த ஜீன் 12ஆவது குரோமோசோமில் இருக்கிறது. எஸ்எச்பி2 என்ற நொதியை உருவாக்குகிறது. 'வளர், பிரி' என்று செல்லுக்கு வரும் செய்தியைக் கடத்துவது அதன் வேலை. செய்தி இல்லாத நேரத்தில் அது தன்னையே மூடிக்கொண்டு சும்மா இருக்கும். உங்கள் மகனிடம் அது சரியாக மூடுவதில்லை. தொட்டி நிறைந்தும் நிற்காத மோட்டார் மாதிரி. கருவில் இதய வால்வு உருவாகும் நேரத்தில் இப்படி நடப்பதால்தான் சுருக்கம். நூனன் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த ஜீன்தான் காரணம். 2001இல்தான் இது தெரியவந்தது.

சரி, அடுத்த குழந்தை. நீங்கள் இருவரும் இதே மாற்றத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். லேசான அறிகுறிகளோடு, தெரியாமலேயே வாழும் பெற்றோர் உண்டு. ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 50 சதவீத வாய்ப்பு. இருவருக்கும் இல்லையென்றால் அது பையனிடம் புதிதாகத் தோன்றியது. மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு, பூஜ்யம் அல்ல. கர்ப்பத்திலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையம் இருக்கிறது. கர்ப்பம் தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

பையனைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நூனன் குழந்தைகள் பலருக்கு ரத்தம் உறைவதில் குறை இருக்கும். பல் பிடுங்குவதானாலும், வால்வுக்கு பலூன் சிகிச்சையானாலும், முன்னதாக ரத்தம் உறையும் பரிசோதனைகள் கட்டாயம். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். விரைகள் இறங்கியிருக்கின்றனவா, கண், காது எப்படி என்றும் பார்க்க வேண்டும். எக்கோ என்ற இதய ஸ்கேனை இதய மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் எடுங்கள். உயரத்துக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி உண்டு, ஆனால் இதயத்தைப் பார்த்த பிறகுதான் முடிவு.

இணையத்தில் ரத்தப் புற்றுநோய் என்று படித்துப் பயந்திருப்பீர்கள். அந்த ஆபத்து சிறியது, அதுவும் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில். காரணமில்லாமல் வெளிறிப்போனாலோ, வயிறு வீங்கினாலோ, அடிபடாமலே தோல் கன்றி நீலத் திட்டு வந்தாலோ உடனே காட்டுங்கள். மற்றபடி பையனைத் தயங்காமல் சாதாரணப் பள்ளியிலேயே சேருங்கள். இவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் படிக்கிறார்கள்.