பச்சை ஃபால்கன் வந்து நின்றால்: தென் அமெரிக்க அரசியல் படங்களில் வரும் கார்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அர்ஜென்டினா படங்களில் ஒரு பச்சைக் கார் தெருமுனையில் வந்து நின்றாலே வீட்டுக்குள் இருப்பவர்களின் முகம் வெளுத்துவிடுகிறது. அது என்ன கார்?

ஃபோர்டு ஃபால்கன். அமெரிக்காவில் 1970லேயே நிறுத்திவிட்டார்கள். அர்ஜென்டினாவில் புவெனஸ் ஐரிஸுக்கு வடக்கே உள்ள பச்சேகோ ஆலையில் 1991 வரை வந்துகொண்டிருந்தது. முதலில் அது சாதாரணக் குடும்ப வண்டிதான்: முன்னால் நீளமான பெஞ்சு சீட், ஸ்டியரிங் ஓரத்தில் கியர், நல்ல பெரிய டிக்கி. 1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ஆட்களைத் தூக்கும் குழுக்கள் இதில் வர ஆரம்பித்தன. நம்பர் பிளேட் இருக்காது. சிக்கியவரைப் பின்சீட்டுக்கு முன்னால் தரையில் குப்புறத் தள்ளுவார்கள், இல்லையென்றால் டிக்கிக்குள். அப்படிப் போனவர்களை 'சுபாடோ' என்றார்கள். உறிஞ்சப்பட்டவர் என்று அர்த்தம். அதனால்தான் இயக்குநருக்கு வசனம் தேவைப்படுவதில்லை. ராத்திரியில் எஞ்சின் அணையாமல் உறுமினால் போதும்.

கேள்வி: பழைய டாக்சிகள் நம்ம அம்பாசடர் மாதிரியே இருக்கின்றனவே?

அம்பாசடர் இல்லை. அறுபதுகளில் ஓடிய சியாம் டி தெல்லா 1500ஆக இருக்கும். பிரிட்டனின் பிஎம்சி மாடலை வாங்கி அங்கே செய்தது. அம்பாசடரும் அதே நிறுவனத்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்ததுதான். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கதை நடக்கும் ஆண்டுக்குக் கார் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காரை விடுங்கள், நம்பர் பிளேட்டைப் பாருங்கள். அர்ஜென்டினாவில் 1995க்கு முன் மாகாணத்துக்கு ஓர் எழுத்து, பிறகு எண்கள், கறுப்புப் பலகையில் வெள்ளை. மூன்று எழுத்து, மூன்று எண் என்று இருந்தால் 1977ஐக் காட்டும் படத்துக்கு அது ஆகாது. அப்புறம் பளபளப்பு. சேகரிப்பாளர்களிடம் வாடகைக்கு வாங்கிய வண்டிகள், தெருவில் நிற்கும் அத்தனையும் நேற்றுதான் பாலிஷ் போட்டது போல மின்னும்.

கேள்வி: சிலே பற்றிய படங்கள்?

ராணுவம் ஆட்சியைப் பிடித்த 1973 செப்டம்பர் 11 காலையில் ஜனாதிபதி அலெந்தே மாளிகைக்கு வந்தது ஃபியட் 125ல். அவருடைய முன்னாள் ராணுவத் தளபதி பிராட்ஸும் மனைவியும் மறு ஆண்டு செப்டம்பர் 30 அன்று புவெனஸ் ஐரிஸில் குண்டு வெடித்து இறந்ததும் ஒரு ஃபியட் 125ல்தான். ஆனால் ஒன்று: படம் எங்கே எடுத்தது என்று பாருங்கள். இயக்குநர் கோஸ்டா காவ்ராஸின் 'மிஸ்ஸிங்' சிலே கதை, எடுத்தது மெக்சிகோவில். அவருடைய 'ஸ்டேட் ஆஃப் சீஜ்' உருகுவே கதை, எடுத்தது சிலேயில். பின்னால் நிறுத்தியிருக்கும் வண்டிகள் எடுத்த ஊர்க்காரர்களுடையவை.

கேள்வி: அது அம்பாசடர்தானே?

மேலே பாருங்கள்.

கேள்வி: ஒரு ஃபால்கனை இறக்குமதி செய்ய முடியுமா?

ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: காருக்கு என்ன பாவம்? எந்த ஊர் போலீசும் கையில் கிடைத்த வண்டியைத்தான் ஓட்டும்.

பாதி சரி. அதே ஃபால்கனில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போன அப்பாக்கள் எத்தனையோ பேர். மீதிப் பாதி பச்சேகோ ஆலையில் இருக்கிறது. ராணுவ ஆட்சியில் அங்கே 24 தொழிலாளர்கள் பிடிக்கப்பட்டார்கள், சிலரை ஆலை வளாகத்துக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். 2018 டிசம்பரில் நீதிமன்றம் ஆலையின் முன்னாள் அதிகாரிகள் இருவருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது.

கேள்வி: அது மனிதர்கள் செய்தது. தகரம் என்ன செய்யும்?

தகரம் ஒன்றும் செய்யாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 24 பேர் ஃபால்கன் செய்த ஆலைக்காரர்கள். தாங்கள் பூட்டிய கதவு எப்படிச் சாத்தும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: எல்லாமே பச்சைதானா?

இல்லை, வேறு நிறங்களிலும் வந்தன. படத்துக்குப் பச்சை பிடித்துப்போய்விட்டது.

கேள்வி: ஒரே ஒரு சந்தேகம். டாக்சி...

டி தெல்லா.