அணுவுலையும் மாகாண சபையும்: வன்னி வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கூடங்குளத்தில் ஏதும் நடந்தால் பாதிப்பு எங்கள் கடலுக்கும் வரும். வட மாகாண சபை இதில் தலையிடலாமா? (பேசாலைக் கடற்றொழிலாளர்)

தடுக்கும் அதிகாரம் இல்லை. வெளிநாட்டு அலுவல்கள் முழுக்க மத்திய அரசின் கையில். உள்நாட்டிலேயே அணுவுலை கட்டினாலும் நிலைமை இதுதான். மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம், தேசிய மின்கட்டமைப்புக்குப் போகும் மின் உற்பத்தியை மாகாணங்களுக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் தடுக்க முடியாது என்பதற்காகக் கேட்கவும் முடியாது என்று ஆகிவிடாது. மன்னாரிலிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீற்றர். அணு விபத்தை உடனே அயல்நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற 1986 சர்வதேச உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்திருக்கின்றன. சரி, செய்தி கொழும்புக்கு வந்துவிட்டது. அப்புறம்? இரவில் வலை விரித்து நிற்கும் படகுக்கு யார் சொல்வது? கதிர்வீச்சிலிருந்து தைரொயிட்டைக் காக்கும் அயடீன் மாத்திரை மாகாண ஆஸ்பத்திரிகளில் இருக்கிறதா? மீன் விற்பனையை நிறுத்தச் சொன்னால் அந்த நாட்களில் வீட்டில் எப்படி அடுப்பு எரியும்? இவற்றில் பலதை மாகாண சபை உறுப்பினர் எழுந்து கேட்கலாம். 2018 ஒக்ரோபரில் சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் அந்தக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தது எனக்குப் பெரிய வேதனை. சபை இல்லாத காலத்தில் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்க வையுங்கள். சங்கத்தின் கடிதமாகக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கடினம்.

அமெரிக்காவில் மாநிலச் சட்டசபைகள் அணுவுலையை மூடலாமா? (கிளிநொச்சி உயர்தர மாணவி)

பாதுகாப்பைக் காரணம் காட்டி மூட முடியாது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அங்கே மத்திய அரசின் விடயம். கலிபோர்னியா 1976இல், கழிவை அகற்ற வழி பிறக்கும்வரை புதிய உலை வேண்டாம் என்று சட்டம் போட்டது. அது செலவு சார்ந்த முடிவு என்பதால் 1983இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வெர்மான்ட் மாநிலத்தின் கதை வேறு. அங்குள்ள உலை தொடர்ந்து இயங்கத் தங்கள் சம்மதமும் வேண்டும் என்று சட்டசபை விதித்தது. 2010இல் அந்த மாநிலத்தின் செனட் 26க்கு 4 என்று எதிராக வாக்களித்தது. நீதிமன்றமோ, உள்ளே இருப்பது பாதுகாப்புக் கவலைதான் என்று அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. ஆனாலும் 2014 முடிவில் அந்த உலை மூடப்பட்டது. நடத்துவது கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனமே முடிவெடுத்தது. நீங்கள் கட்டுரை எழுதுவதாக இருந்தால் இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

எங்கள் கரையின் கறுப்பு மணலில் கதிர்வீச்சு உண்டா? (கொக்கிளாய்)

புல்மோட்டை தொடக்கம் உங்கள் பக்கம் வரையான கனிம மணலில் இல்மனைட்டோடு சிறிதளவு மொனசைட்டும் கலந்திருக்கிறது. மொனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு, ஆகவே இயற்கையான கதிர்வீச்சும் உண்டு. கரையில் நடப்பதற்குப் பயப்பட வேண்டாம். மணலைப் பிரித்து மொனசைட்டைக் குவிக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். கனிமங்கள் மத்திய அரசுக்குரியவை. சுற்றாடலில் மாகாணத்துக்கும் பங்கு உண்டு. கதிர்வீச்சு அளவீடு செய்தார்களா என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள்.

தனியார் எக்ஸ்ரே நிலையத்தை யார் கண்காணிப்பது? (வவுனியா)

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபை. உரிமம் இருக்கிறதா என்று நிலையத்திலேயே கேளுங்கள். கர்ப்பிணி என்றால் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.