கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும்: கேள்வி பதில்

களனி கங்கையின் தலையாறுகள் இரண்டும் பாயும் பள்ளத்தாக்குகளின் தரைத்தோற்றம், கனியவளம், ஊர் வரலாறு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ஹட்டன் பகுதியில் நீண்ட காலம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

நோர்வூட் மாணவி: ஐயா, களனி கங்கை சிவனொளிபாதமலையில் பிறக்கிறது என்று படித்திருக்கிறேன். ஹோர்ட்டன் சமவெளியில் பிறக்கிறது என்கிறார் அப்பா. எது சரி?

இரண்டும் சரிதான் மகள். மஸ்கெலியா ஓயா சிவனொளிபாதமலைத் தொடரின் நீரைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. கெசல்கமுவ ஓயா ஹோர்ட்டன் சமவெளியின் மேற்கு விளிம்பிலிருந்து இறங்கி, பொகவந்தலாவையையும் உங்கள் நோர்வூட்டையும் கடந்து வருகிறது. பொல்பிட்டியவுக்கு அருகில் இரண்டும் கலந்த பிறகே அந்த ஆறு களனி கங்கை எனப்படுகிறது. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 145 கிலோமீற்றர்.

இரு ஆறுகளும் மேற்பகுதியில் அகன்ற, சரிவு குறைந்த பள்ளத்தாக்குகளில் மெதுவாக ஓடி, பின்னர் மலைத்தொடரின் மேற்கு விளிம்பில் திடீரென விழுகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெசல்கமுவ ஓயாவில் 98 மீற்றர் உயரமான அபர்டீன் நீர்வீழ்ச்சியும், மஸ்கெலியா ஓயாவில் 120 மீற்றருக்கும் கூடிய லக்ஷபான நீர்வீழ்ச்சியும் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. கீழே வரும் பதில்களில் பலவும் இந்த அமைப்பையே சார்ந்தவை.

டிக்கோயா வாசகர்: பொகவந்தலாவையில் மாணிக்கக்கல் கிடைக்கிறது, நோட்டன்பிரிட்ஜுக்குக் கீழே கிடைப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. ஒரே ஆறுதானே?

ஆறு ஒன்றுதான், ஆனால் தரை வேறு. மத்திய மலைநாட்டின் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறியவை. நீலக்கல், புஷ்பராகம் போன்றவற்றின் மூலமான குருந்தக்கல் அத்தகைய சூழலில் உருவாவது. பாறை மழையில் சிதைந்து மண்ணாகும்போது கடினமான இக்கற்கள் சிதையாமல் எஞ்சி, வெள்ளத்தோடு உருண்டு வருகின்றன. சாதாரண மணலைவிடக் கனமானவை என்பதால், நீரின் வேகம் தணியும் வளைவுகளிலும் அகன்ற பள்ளத்தாக்கின் அடியிலும் கூழாங்கற்களோடு சேர்ந்து தங்கிவிடுகின்றன. அகழ்பவர்கள் ‘இல்லம்’ என்று சொல்வது இந்தச் சரளைப் படையைத்தான்.

பொகவந்தலாவையில் ஆறு சமதளத்தில் வளைந்து வளைந்து ஓடுவதால் இல்லம் படிவதற்கு இடம் உண்டு. நோட்டனுக்குக் கீழே செங்குத்தான பள்ளத்தில் பாயும் வெள்ளம் எதையும் தங்கவிடாது.

பொகவந்தலாவை வாசகர்: தோட்டச் சம்பளம் போதாமல்தான் எங்கள் பிள்ளைகள் ஆற்றில் கல் தேடுகிறார்கள். அதைப் பெரிய குற்றமாகப் பேசுவது நியாயமா?

வறுமையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. எனினும் அந்த வேலை ஆற்றை என்ன செய்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இல்லத்தை எட்டுவதற்கு அதற்கு மேலுள்ள களிமண்ணையும் மணலையும் முதலில் அகற்ற வேண்டும். பிறகு சரளையைக் கூடையில் அள்ளி, நீருக்குள் வைத்துச் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். ஒவ்வொரு சுழற்றலிலும் சேறு கூடையின் விளிம்பைத் தாண்டி வெளியேற, கனமான மணிகள் அடியில் ஒதுங்கும். கூடையில் மிஞ்சுவது ஒரு கைப்பிடி. வெளியேறிய சேறு முழுவதும் ஆற்றோடு போகிறது. கரையைக் குடைந்து தோண்டும் இடங்களில் அடுத்த வெள்ளத்தின்போது கரையே சரிந்து, தேயிலைச் செடிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. பெக்கோ இயந்திரத்தை இறக்கிவிட்டால் சேதம் பன்மடங்கு.

அந்தச் சேறு போய்ப் படிவது காசல்ரீ நீர்த்தேக்கத்தில். அங்கிருந்து சுரங்க வழியே இறங்கும் நீர் முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்தையும், அடுத்துப் பழைய லக்ஷபான மின்நிலையத்தையும், அதன் பின் பொல்பிட்டிய மின்நிலையத்தையும் இயக்குகிறது. ஆகவே காசல்ரீயில் சேறு பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு கன மீற்றர் இடத்துக்கும் நாடு ஒன்றுக்கு மூன்று முறை மின்சாரத்தை இழக்கிறது. உயர்ந்துபோன ஆற்றுப்படுகையால் மழைக்காலத்தில் வெள்ளம் புகுவதோ ஆற்றோரத்து லயன்களுக்குள்தான்.

தேசிய மாணிக்கக்கல், தங்க ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்று அகழ வழி இருக்கிறது. குழிகளைத் திரும்ப மூடுவதற்காக வைப்புப் பணமும் அறவிடப்படுகிறது. சட்டவிரோத அகழ்வில் பெரும் பணம் பார்ப்பவர் இடுப்பளவு நீரில் நிற்பவர் அல்லர். பின்னால் நின்று பணம் போடுபவரே. பிடிபடுவது மட்டும் நம் பிள்ளைகள் என்பது எனக்குப் பெரும் வேதனை.

கண்டி வாசகர்: லக்ஷபானவில் தங்கம் தேடினார்கள் என்பது கதையா, உண்மையா?

உண்மை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர (1874–1953) பொதுப்பணித் திணைக்களத்தில் இருந்த காலத்தில், அபர்டீன், லக்ஷபான பகுதியில் தங்கம் உண்டா என்று ஆராய அனுப்பப்பட்டார். இலாபம் தரும் அளவுக்குத் தங்கம் அங்கில்லை. ஆனால் இரு ஆறுகளும் அவ்வளவு உயரத்திலிருந்து விழுவதை நேரில் கண்டவர், அந்த வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணித்தார். 1918 இல் அது பற்றிய விரிவான கட்டுரையொன்றைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். 1924 இல் தொடங்கிய வேலை இடையில் கைவிடப்பட்டு, 1950 இல்தான் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதைத் தம் கண்ணால் பார்க்கும் வரை அவர் வாழ்ந்திருந்தார் என்பது எனக்கு மிகுந்த ஆறுதல்.

கனியங்களைப் பற்றிப் பேசும்போது ஆனந்த குமாரசுவாமியையும் சொல்ல வேண்டும். கலை ஆய்வாளராகவே நாம் அறிந்த அவர், இலங்கைக் கனிய ஆய்வுத் துறையின் முதல் பணிப்பாளராக இருந்தவர். தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற கனியத்தை 1904 இல் கண்டெடுத்தவரும் அவரே. அது கிடைத்தது நம் மலைக்கு மறுபுறம், சப்ரகமுவப் பக்கத்து மாணிக்கச் சரளையில்.

மஸ்கெலியா ஆசிரியை: வரட்சியில் மவுசாகலை நீருக்குள்ளிருந்து கோயில் வெளியே தெரிகிறது. பிள்ளைகளுக்கு அதை எப்படி விளக்குவது?

அது பழைய மஸ்கெலியா நகரம். 1960களின் இறுதியில் மவுசாகலை அணை கட்டப்பட்டபோது நகரமே நீருக்கடியில் போனது. மக்களும் கடைகளும் இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டனர். நீர்மட்டம் வெகுவாகக் குறையும்போது இந்துக் கோயில், பள்ளிவாசல், பௌத்த விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் தெரிகின்றன. மூன்று சமயத்தவரும் அருகருகே வழிபட்ட ஊர் அது என்பதைக் கற்களைக் காட்டியே சொல்லிக்கொடுங்கள். முடிந்தால் அங்கு பிறந்த முதியவர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். கடைத்தெரு எப்படி இருந்தது என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

கொழும்பு வாசகர்: தேயிலைக்கு முன் இங்கே என்ன இருந்தது?

அடர்ந்த காடு, பிறகு கோப்பி. 1869 இல் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, சிங்கோனாவும் தேயிலையும் வந்தன. காட்டை வெட்டிய வேகத்தைக் கண்டு, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்க 1873 இல் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தடை இல்லாதிருந்தால் இரு ஓயாக்களும் கோடையில் வற்றும் ஓடைகளாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884 இல். அதற்கு முன் இந்த மலைகளுக்கு வந்த நம் முன்னோர் கால்நடையாகவே வந்தனர். வழியில் மாண்டவர்கள் ஏராளம், அவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1879 இல் இப்பள்ளத்தாக்கில் காலமாகி, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லறையைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு மற்றவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஹட்டன் மாணவன்: பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு எங்கள் ஊர்ப் பாறையைப் பற்றி எழுத வேண்டும். எங்கே தொடங்கலாம்?

பாதை அகலப்படுத்த வெட்டிய மண்மேட்டில் தொடங்குங்கள் தம்பி. மேலே கறுத்த மேல்மண், அதற்குக் கீழே செம்மஞ்சள் மண், அதற்கும் கீழே கையால் நொறுக்கக்கூடிய சிதைந்த பாறை, அடியில் கெட்டிப் பாறை என அடுக்குகள் தெளிவாகத் தெரியும். கெட்டிப் பாறையில் வெள்ளையும் கருமையுமான பட்டைகள் இருந்தால் அது பட்டைப்பாறை. அதனுள்ளே மிளகளவில் கருஞ்சிவப்பு மணிகள் தென்பட்டால் அவை பெரும்பாலும் செம்மணிக்கற்கள். ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் அளந்து படம் வரையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வெட்டிய மேட்டின் அடியில் நிற்க வேண்டாம். நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்படலாம் என்பதால் அணைகளுக்குக் கீழே ஆற்றுப்படுகையிலும் இறங்க வேண்டாம். வரட்சிக் காலமான தை, மாசி மாதங்களில் ஆசிரியர் ஒருவரோடு போங்கள்.