கென்யா, தான்சானியா: இரண்டில் எது முன்னேறிய நாடு?

வருமானத்தை மட்டும் பார்த்தால் கென்யாதான். 2007-இல் வந்த எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையால் நைரோபியில் காய்கறி விற்கும் அம்மாவும் சாதாரண பட்டன் போனிலேயே காசு வாங்கிக்கொள்கிறார். அதே ஊரின் கிபேராவில் தகரக் குடிசைகள் நெருக்கியடித்து நிற்பதையும் கணக்கில் சேருங்கள்.

'நாம் ஒரே நாட்டார்' என்ற உணர்வில் தான்சானியாவே மேல் என்பேன். அங்கே 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். அத்தனை பேருக்கும் பொதுவாகச் சுவாஹிலி மொழியை வளர்த்தார் முதல் அதிபர் நைரேரே. அரசுத் தொடக்கப் பள்ளிப் பாடமே அதில்தான். 'ண்டுகு', அதாவது உடன்பிறப்பே, என்று முன்பின் தெரியாதவரையும் விளிப்பார்கள். நைரேரேயின் உஜமா கூட்டுக் கிராமத் திட்டம் விவசாயத்தைப் படுக்கவைத்தது என்பதும் உண்மை.

கென்யாவில் கட்சி அரசியல் பெரும்பாலும் இனத்தைச் சுற்றியே ஓடியது. 2007 தேர்தலுக்குப் பின் மூண்ட கலவரத்தில் 1,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.