செயற்கை இனிப்பூட்டிகள்: கேள்வி பதில்

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்ட பிஸ்கட்டை நீரிழிவுக்காரர் தாராளமாகச் சாப்பிடலாமா?

தாராளமாக என்ற பேச்சே வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பி மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். பிஸ்கட்டில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. கனம், நிறம், மொறுமொறுப்பு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு என்பதால் துளியூண்டு போதும். அப்புறம், எடுத்த சர்க்கரையின் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? மால்டிடால் என்ற சர்க்கரை ஆல்கஹால் (சேர்மானப் பட்டியலில் 965 என்று இருக்கும்) அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி. மால்டிடாலில் சர்க்கரையின் கலோரியில் பாதிக்குச் சற்று மேல் இருக்கிறது. ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். மால்டோடெக்ஸ்ட்ரின் குளுக்கோஸைப் போலவே சட்டென்று ஏற்றும். மாவு வேறு இருக்கிறது.

மருந்தைக் குறைத்துக்கொண்டு இனிப்பூட்டிக்கு மாறலாமா?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து பற்றி நான் சொல்லக் கூடாது.

அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டி புற்றுநோய் தரும் என்று அறிவித்துவிட்டார்களே?

2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை '2பி' பிரிவில் வைத்தது. வாய்ப்பு இருக்கலாம், ஆனால் சான்று குறைவு என்று அர்த்தம். எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. அளவைப் பார்ப்பது உணவுச் சேர்க்கைகளுக்கான கூட்டு நிபுணர் குழு. அதே மாதம் அது பழைய வரம்பையே உறுதிசெய்தது: நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,400 மில்லிகிராம். அஸ்பார்டேம் சேர்த்த ஒரு கேன் பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் இருந்தால், தினமும் 8 முதல் 12 கேன் குடித்தால்தான் வரம்பைத் தொடுவார்.

(அஸ்பார்டேம், புற்றுநோய் பற்றிக் கேட்ட அதே நண்பர்) சாக்கரின் என்ற இனிப்பூட்டியைத் தடை செய்யப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கம்பெனிகளின் அழுத்தம்தானே?

அழுத்தமே இருந்ததில்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் காரணத்தையும் பாருங்கள். எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது என்று அமெரிக்காவில் 1977 முதல் எச்சரிக்கை வாசகம் போட்டார்கள். அதிக அளவு சாக்கரின் கொடுத்தால் ஆண் எலியின் சிறுநீரில் படிகங்கள் உருவாகிப் பையின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. மனிதரில் அது நடப்பதில்லை. இது தெளிவான பிறகு 2000-இல் வாசகத்தை எடுத்தார்கள்.

(மீண்டும் அவரே) அப்படியானால் இனிப்பூட்டி சேர்த்த பானங்களை எல்லோரும் குடிக்கலாம் என்கிறீர்களா?

இல்லை. பாதுகாப்பு ஒன்று, பலன் வேறு. உடல் எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நீண்டகாலப் பலன் தெரியவில்லை என்பதே காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது.

அஸ்பார்டேமிலிருந்து மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் வருகிறதாமே?

வருகிறது, மிகச் சிறிதளவு. அஸ்பார்டேம் சேர்த்த பானத்தைவிட, அதே அளவு தக்காளிச் சாறில் அதிகம். பயப்பட வேண்டியவர்கள் ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள். அஸ்பார்டேமில் உள்ள ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலம் அவர்கள் உடலில் தேங்கும்; அவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

அஸ்பார்டேம் புற்றுநோய் தருமா?

மேலே விரிவாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஸ்டீவியா (இலையிலிருந்து எடுக்கும் இனிப்பூட்டி) பிஸ்கட் நல்லதா?

ஸ்டீவியாவாக இருந்தாலும் சரி, பாக்கெட்டைத் திருப்புங்கள். மொத்த மாவுச்சத்து.

சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை எங்கள் நாய் தின்றுவிட்டது. பரவாயில்லையா?

சேர்மானப் பட்டியலில் சைலிடால் என்ற இனிப்பூட்டி (967) இருந்தால் இதைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள். நாய்க்கு இன்சுலின் திடீரென்று சுரந்து ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், கல்லீரலும் கெடலாம். உறையை எடுத்துக்கொண்டு இப்போதே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.